1966-ல் செல்லாத கல்யாணம், 1968-க்குப் பிறகு 1961-லிருந்தே செல்லுமாம். அப்படியென்றால் சட்டம் எதனால் ஆனது?

கிரயம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறேன். சட்டம் படித்தவன் இல்லை, சட்டத்தோடு புழங்குகிறவன். அதனால் கேள்வியில் பிழை இருந்தால் வக்கீல்மார்கள் திருத்துங்கள்.

என் அப்பா அம்மாவுக்கு 1961-ல் சுயமரியாதைக் கல்யாணம். ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, அம்மி மிதிக்கவில்லை. மாலை மாற்றி, உறுதிமொழி வாசித்து, வந்திருந்த தலைவர் வாழ்த்திப் பேசினார். "கழுத்துல மாலை வாடிப்போச்சு, அந்த மனுசன் பேச்சு முடியல" என்று அம்மா கடைசி வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

1963-ல் நான் பிறந்தேன். 1966-ல் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். தாத்தா வழிச் சொத்தாகக் கொஞ்சம் கரிசல் காடும் ஒரு கிணற்றில் பாதியும் இருந்தது. அம்மா எனக்கும் தனக்கும் அப்பாவின் பங்கைக் கேட்டார். சித்தப்பாவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. வெங்காயச் சருகு மாதிரித் தாளில் டைப் அடித்து, "தாங்கள் எமது கட்சிக்காரரின் காலஞ்சென்ற தமையனாருக்குச் சட்டப்படியான மனைவி அல்ல, தங்கள் மகனும் வாரிசு அல்ல" என்று ரத்தினச் சுருக்கமாக முடித்திருக்கிறார்கள்.

சித்தப்பா மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்த நோட்டீஸில் சட்டப் பிழை இல்லை, அதுதான் விஷயம். 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் சுயமரியாதைக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பு சொல்லியிருந்தது. சாஸ்திரப்படி ஏழடி எடுத்து வைக்கவில்லை, தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று காட்டவும் வழியில்லை, ஆகவே கல்யாணமே இல்லை என்பது சாரம்.

அப்புறம் 1967-ல் அண்ணா முதல்வரானார். இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இனிமேல் நடக்கிற சுயமரியாதைக் கல்யாணங்கள் செல்லும் என்று மட்டும் அது சொல்லவில்லை. ஏற்கெனவே நடந்தவையும், அவை நடந்த அந்தந்தத் தேதியிலிருந்தே செல்லுபடியானவையாகக் கருதப்படும் என்கிறது. சித்தப்பாவின் வக்கீலே அவரைக் கூப்பிட்டுச் சமாதானமாகப் போகச் சொல்லிவிட்டாராம். பாகப்பிரிவினை ஆயிற்று. அந்தக் காட்டில்தான் நான் வளர்ந்தேன்.

இப்போது கேள்வி. 1966-ல், அந்த நோட்டீஸைக் கையில் வாங்கிய அன்றைக்கு, என் அம்மா மனைவியா, இல்லையா? இல்லை என்றால், 1968-ன் சட்டம் "அன்றைக்கே மனைவிதான்" என்கிறதே. ஆமாம் என்றால், அன்றைக்கு எந்த நீதிபதியிடம் போயிருந்தாலும் இல்லை என்றுதானே சொல்லியிருப்பார்? அப்பா உயிரோடு வரவில்லை, அம்மா திரும்ப மாலை மாற்றவில்லை. செத்துப்போன ஒருவருடைய கல்யாணத்தின் நிலைமை அவர் செத்து இரண்டு வருஷம் கழித்து மாறுகிறது. மாறியது எது? எதில் மாறியது?

நாற்காலி மரத்தால் ஆனது. சட்டம் எதனால் ஆனது? "புத்தகத்தில் உள்ள எழுத்து" என்று யாரும் ஒரு வரியில் முடிக்க வேண்டாம். எழுத்து என் தொழில், அதன் லட்சணம் எனக்குத் தெரியும்.

---

காக்கி_ஓய்வு எழுதியது:

ரொம்ப யோசிக்காதீர்கள் அண்ணே. மீறினால் ஒருத்தன் வந்து கதவைத் தட்டுவான் என்றால் அது சட்டம். தட்டமாட்டான் என்றால் அது அறிவுரை.

ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 129-ம் பிரிவு அது பாட்டுக்கு இருந்தது. யார் போட்டார்கள்? 2015-ல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, ஜூலை 1 முதல் நாங்கள் ரோட்டில் இறங்கி நின்றோம். அதற்கு முந்தின வாரம் கடைகளில் ஹெல்மெட் கிடைக்கவில்லை. புத்தகத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, நாங்கள் நின்றோம், அவ்வளவுதான்.

உங்கள் அம்மா கதையிலும் அதேதான். 1966-ல் வழக்குப் போட்டிருந்தால் சர்க்கார் சித்தப்பா பக்கம் நின்றிருக்கும். 1968-ல் உங்கள் பக்கம் நின்றது. சட்டம் லத்தியால் ஆனது. கேட்க நன்றாக இல்லைதான், என்ன செய்ய.

---

வக்காலத்து எழுதியது:

காக்கி சார் சொன்னதைச் சட்டக் கல்லூரியில் முதல் பாடமாக வைப்பார்கள். ஜான் ஆஸ்டின் என்ற ஆங்கிலேயர் 1832-லேயே கிட்டத்தட்ட இதையே சொல்லியிருக்கிறார்: சட்டம் என்பது இறையாண்மை உள்ளவரின் கட்டளை, பின்னால் தண்டனை மிரட்டல். ஹெல்மெட்டுக்குப் பொருந்தும், திருட்டுக்குப் பொருந்தும். கிரயம் ஐயாவின் கேள்விக்குத்தான் பொருந்தாது.

ஏனென்றால் சுயமரியாதைக் கல்யாணம் செய்ததற்காக அவர் அப்பாவை யாரும் பிடித்துப் போகவில்லை. யாரும் எதையும் மீறவில்லை. "செல்லாது" என்பது தண்டனை இல்லை, எதுவுமே நடக்கவில்லை என்று சொல்வது. சாட்சிக் கையெழுத்து இல்லாத உயில் எழுதியவரை ஜெயிலில் போடுவதில்லை. அது உயில் இல்லை, அவ்வளவுதான். எச்.எல்.ஏ. ஹார்ட் என்ற இன்னொரு ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஆஸ்டினை அடித்த இடம் இதுதான், அதைச் சொன்ன அவருடைய "சட்டம் என்ற கருத்து" (The Concept of Law) புத்தகம் வெளிவந்ததும் 1961-ல்தான், ஐயாவின் பெற்றோர் கல்யாண வருஷம்! கட்டளையிடும் விதிகள் ஒரு ரகம். கல்யாணம், உயில், கிரயம் மாதிரி மனிதர்களுக்கு ஒன்றைச் செய்துகொள்ளும் அதிகாரம் தரும் விதிகள் வேறு ரகம். இரண்டுக்கும் மேலே, எது நம் ஊரில் சட்டம் என்று அடையாளம் காட்டும் ஒரு விதி. அந்த மேல்விதி எங்கே இருக்கிறது என்றால், நீதிபதி, பதிவாளர், தாசில்தார் எல்லோரும் "இப்படித்தான் பார்ப்பது" என்று ஏற்றுக்கொண்டு நடக்கிற நடையில் இருக்கிறது. அதற்கு அடியில் வேறு எதுவும் இல்லை என்பது ஹார்ட் கட்சி.

இதனால் வரும் வினோதத்துக்கு ஒரு உதாரணம். 1965-ல் பாவ்ராவ் லோகண்டே என்ற மகாராஷ்டிர வழக்கில், முதல் மனைவி இருக்க இரண்டாவது கல்யாணம் செய்தவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஏன்? இரண்டாவது கல்யாணத்தில் செய்ய வேண்டிய சடங்குகளைச் செய்ததாக நிரூபிக்கவில்லை. சடங்கு இல்லையேல் கல்யாணம் இல்லை, கல்யாணம் இல்லையேல் இருதாரக் குற்றமும் இல்லை. பாருங்கள், ஒரு விதவையிடம் பங்கைப் பறிக்கப் பயன்பட்ட அதே தர்க்கம், இன்னொரு இடத்தில் ஒரு ஆளைத் தப்பவிடுகிறது. லத்தி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்கிற வேறொன்று இருக்கிறது, நாம் தேடுவது அதைத்தான்.

இன்னொன்று. நம் அரசியலமைப்பிலேயே இந்தக் கேள்விக்கு ஒரு பட்டியல் பதில் இருக்கிறது. 13-ம் உறுப்பில், சட்டம் என்றால் அவசரச் சட்டம், ஆணை, துணைவிதி, விதி, ஒழுங்குமுறை, அறிவிக்கை, அதோடு சட்ட வலுவுள்ள வழக்கமும் வழக்காறும் அடங்கும் என்று வருகிறது. "சட்ட வலுவுள்ள" வழக்கம் எது என்று கேட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்போம்.

---

எல்எல்பி_மூணாவது_செம் எழுதியது:

சார், மேடம், இதே கேள்வி எங்களுக்குப் பத்து மார்க். எங்கள் சார் நோட்ஸில் கெல்சன் என்ற சட்ட அறிஞர், அவர் சொன்ன அடிப்படை நெறி என்று இருக்கிறது. இந்தச் சட்டம் ஏன் செல்லும்? மேலே உள்ள சட்டம் சொல்வதால். அது ஏன் செல்லும்? அதற்கும் மேலே உள்ளது சொல்வதால். கடைசியில் அரசியலமைப்பு. அது ஏன் செல்லும் என்றால், செல்லும் என்று வைத்துக்கொள்கிறோம். சரிதானா? ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறதே.

---

வக்காலத்து எழுதியது:

தம்பி, ஏமாற்று என்று பரீட்சையில் எழுதிவிடாதே. ஆனால் நீ நினைத்தது தப்பில்லை. நம் அரசியலமைப்பின் கடைசி உறுப்பு, 395, எடுத்துப் பார். 1947-ன் இந்திய சுதந்திரச் சட்டத்தையும் 1935-ன் இந்திய அரசுச் சட்டத்தையும் ரத்து செய்கிறது. முதலாவது பிரிட்டிஷ் பார்லிமென்ட் நமக்கு அதிகாரத்தை மாற்றிக்கொடுத்த சட்டம். அரசியல் நிர்ணய சபை தான் ஏறி வந்த ஏணியையே வெட்டி விட்டிருக்கிறது. கவர்னர் ஜெனரல் ஒப்புதலுக்கும் அனுப்பவில்லை. வேண்டுமென்றே செய்தது அது: இந்த ஆவணத்தின் வலு லண்டனிலிருந்து வரவில்லை என்று காட்ட. அப்போது எங்கிருந்து வந்தது? முகப்புரை "இந்திய மக்களாகிய நாம்" என்கிறது. கெல்சன் "வைத்துக்கொள்கிறோம்" என்பார், ஹார்ட் "எல்லோரும் அப்படி நடக்கிறார்கள்" என்பார். பத்து மார்க்குக்கு இது போதும்.

---

குடமுருட்டி எழுதியது:

எங்கள் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்தூர் நடராஜர்.

பத்தூர் இடிந்த சிவன் கோயில். 1976-ல் ஒரு கூலித் தொழிலாளி மண் தோண்டும்போது செப்புத் திருமேனிகள் கிடைத்தன. நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டன் போய், ஒரு கனடா கம்பெனி 1982-ல் வாங்கிவிட்டது. சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் லண்டன் போலீஸ் பிடித்தது. கம்பெனி போலீஸ் மேல் வழக்குப் போட, இந்தியத் தரப்பும் உள்ளே வந்தது. யார் யார் என்று பார்த்தால் இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயில், கூடவே அந்தக் கோயிலின் சிவலிங்கம்!

ஆங்கிலச் சட்டத்தில் கோயிலுக்கோ லிங்கத்துக்கோ வழக்குப் போடும் தகுதி கிடையாது. நம் ஊரில் சாமி சட்டப்படி ஓர் ஆள், அதன் பேரில் சொத்து இருக்கலாம், வழக்கு இருக்கலாம். கிரயம் ஐயா எத்தனையோ சொத்து விவரத்தில் "வடக்கில் இன்ன சாமிக்குப் பாத்தியப்பட்ட நிலம்" என்று எல்லை எழுதியிருப்பார். லண்டன் முதல் நீதிபதி என்ன சொன்னார் தெரியுமா? பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிலம் கொடுத்துக் கோயில் கட்டிய பெரிய மனிதரின் பக்தி நோக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது, அது அந்த லிங்கத்தில் உருவெடுத்து நிற்கிறது என்று. 1991-ல் மேல்முறையீட்டிலும், அந்த நாட்டுச் சட்டம் கோயிலை ஆளாக ஏற்பதால் நாமும் ஏற்கலாம் என்றார்கள். நடராஜர் ஊர் திரும்பினார்.

இப்போது சொல்லுங்கள். விளக்கேற்ற ஆளில்லாமல் இடிந்து கிடந்த கோயில். ஆனால் எண்ணூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒருத்தரின் நோக்கம் லண்டனில் கேஸ் ஜெயிக்கிறது. லத்தியா அது? லத்தி வைத்திருந்த லண்டன் போலீஸ் அந்த வழக்கில் பிரதிவாதி. சட்டம் நினைப்பால் ஆனது, ஆனால் ஒருத்தர் நினைப்பால் இல்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

---

சும்மா_பார்க்க எழுதியது:

1954-லேயே சிறப்புத் திருமணச் சட்டம் இருந்ததே. ரிஜிஸ்டர் பண்ணியிருந்தால் இந்த வம்பே இல்லை. செய்யாமல் விட்டது அவர்கள் தப்பு.

---

கிரயம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மதியம் ஆபீஸ் சர்வர் படுத்துவிட்டது, அதனால் சாவகாசமாக எழுத முடிகிறது.

முதலில் சும்மா_பார்க்க தம்பிக்கு. முப்பது நாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டி, மாஜிஸ்ட்ரேட் மாதிரி ஓர் அதிகாரி முன்னால் நின்று, ஆட்சேபம் இல்லை என்றால் கையெழுத்து. 1961-ல் அந்த ஊரில் மில் கூலிக்காரருக்கு இது தெரிந்திருக்காது, தெரிந்திருந்தாலும் போயிருக்க மாட்டார். அவர் கட்சி என்னவென்றால், கல்யாணம் ஏற்கெனவே ஆகிவிட்டது, இனிமேல் எதற்கு சர்க்காரிடம் போய்க் கேட்பது. 1928-லிருந்து அந்த முறையில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. முதல் கல்யாணம் நடந்ததாகச் சொல்லும் சுக்கிலநத்தம் எங்களுக்கு எட்டும் தூரம்தான். ஊரில் யாரும் என் அம்மாவை வேறு மாதிரி பார்க்கவில்லை. மளிகைக் கடையில், மில்லில், பள்ளிக்கூடப் பதிவேட்டில், எல்லா இடத்திலும் இன்னார் மனைவி, இன்னார் மகன்.

வக்கீல் அம்மா சொன்னது புரிகிறது, பாதி ஒப்புகிறேன். ஒப்பாத பாதி இது. மேல்விதி அதிகாரிகளின் நடையில் இருக்கிறது என்றால், 1928-லிருந்து 1968 வரை மாலை மாற்றிக்கொண்ட சனங்களின் நடைக்கு என்ன கணக்கு? அவர்கள் செய்தது வெறும் நினைப்பா?

என் மேசையிலிருந்து ஒன்று சொல்கிறேன். நூறு ரூபாய்க்கு மேல் பெறுமான நிலத்தை விற்க வேண்டுமென்றால் பதிவுப் பத்திரம்தான் வழி, 1882-லிருந்து சட்டம் அதுதான். என் முன்னால் விற்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சி. நான் எழுதியதை வாசிக்கிறேன். நான்கெல்லை சொல்கிறேன். பணம் எண்ணிக் கொடுக்கிறார்கள். கையெழுத்துப் போடுகிறார்கள். முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு. அன்றைக்கே பதிவாகிவிட்டால் பேச்சே இல்லை. ஆனால் சில சமயம் ஐந்தாம் தேதி கையெழுத்தாகி, வில்லங்கத்திலோ பட்டா பேரிலோ ஏதோ இடறி, இருபதாம் தேதிதான் பதிவாகும். நான்கு மாதம் வரை அவகாசம் உண்டு.

இந்தப் பத்திரம் எந்தத் தேதியிலிருந்து வேலை செய்யும்? புது ஆட்கள் எல்லோரும் "இருபதாம் தேதி" என்பார்கள். பதிவுச் சட்டம் 47-ம் பிரிவு "ஐந்தாம் தேதி" என்கிறது. பதிவானதும் அது எழுதிக்கொடுத்த தேதிக்கே பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் பத்தாம் தேதி அந்த நிலம் யாருடையது? பத்தாம் தேதி என்னிடம் வந்து கேட்டால் நான் சொல்ல முடியாது, சார்பதிவாளரும் சொல்ல முடியாது. பதிவானால் வாங்கியவருடையது. பதிவாகாமல் போனால் விற்றவருடையது. பத்தாம் தேதியைப் பற்றிய உண்மை இருபதாம் தேதி வரும். அதற்காக வாங்கியவர் சும்மா இருக்கிறாரா? பத்தாம் தேதியே காட்டில் கல் நட்டுவிடுகிறார், முள்ளை வெட்டுகிறார், உழவுக்குச் சொல்லிவிடுகிறார். விற்றவரும் அந்தப் பக்கம் போவதில்லை. இரண்டு பேருமே பத்திரம் பதிவாகும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பதிவாளர் செய்வது அந்த நடைக்கு ஒரு நம்பர் போடுவது.

என் அம்மா 1961-லிருந்து பத்தாம் தேதியில் வாழ்ந்தார் என்று நினைக்கிறேன். அவர் மட்டுமா, அந்த மேடைகளில் ஏறிய எல்லோரும். சட்டம் எதனால் ஆனது என்றால், என் எண்ணம் இது: முன்கூட்டி நடந்துகொள்கிறவர்களின் நடத்தை முக்கால் பங்கு. பின்னால் வந்து தேதி போட்டு ஏற்றுக்கொள்கிற ஆபீஸ் கால் பங்கு. கால் பங்கு இல்லாமல் முக்கால் தவிக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முக்கால் இல்லாவிட்டால் ஆபீஸுக்கு நம்பர் போட எதுவுமே இல்லை. மாலை மாற்றிய கல்யாணங்கள் ஊர் ஊராக நடந்திராவிட்டால் 7-ஏ எழுத யாருக்கு அவசியம் வந்திருக்கும்?

1966-ல் அம்மா மனைவியா என்று நானே கேட்டதற்கு நான் சொல்லிக்கொள்ளும் பதில்: 1966-ல் அதற்கு விடை இல்லை. நோட்டீஸ் அனுப்பிய வக்கீல் விடை இருப்பதாக நினைத்துவிட்டார்.

---

வக்காலத்து எழுதியது:

47-ஐக் கொண்டுவந்தது அருமை. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது ஐயா, விடமாட்டேன். ஐந்தாம் தேதி கையெழுத்துப் போட்டவருக்கு 47-ம் பிரிவு அன்றைக்கே இருந்தது. தன் பத்திரம் பின்னால் போய் உட்காரும் என்று சட்டம் முன்பே சொல்லியிருந்தது. உங்கள் அம்மாவுக்கு 1961-ல் அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. 1967 தேர்தல் வேறு மாதிரி போயிருந்தால்? விடை இல்லை என்கிறீர்கள், எனக்கென்னவோ அன்றைக்கு விடை இருந்தது, "இல்லை" என்ற விடை, அது பிறகு மாற்றப்பட்டது. மாற்றியவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆனால் அநியாயமான சட்டம் ஒன்று இருந்தது என்பதை "விடை இல்லை" என்று சொல்லி மழுப்பிவிடக் கூடாது. உங்கள் அம்மா அனுபவித்த அந்த இரண்டு வருஷம் நிஜம்.

சனங்களின் நடைக்குக் கணக்கு இல்லையா என்று கேட்டீர்களே, அதற்கு உங்கள் பழைய ஜில்லா வழக்கே இருக்கிறது. ராமநாதபுரம் ஜமீன், மதுரை கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி, 1868. கணவர் அனுமதி எழுதிவைக்காமல் இறந்துவிட்டார், ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் பங்காளிகள் சம்மதத்தோடு தத்தெடுத்தார். செல்லுமா? அன்றைக்கு நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் செல்லும் என்றது. தெளிவாக நிரூபித்த வழக்கம், எழுதிய நூலை விஞ்சும் என்று அதில் ஒரு வாசகம் உண்டு, இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறோம். 1953 நீதிபதிகளும் வழக்கத்தை மதிக்காதவர்கள் இல்லை. அவர்களுக்கு வழக்கம் என்றால் பழசு. யார் எப்போது தொடங்கினார் என்று தெரிந்துவிட்டாலே அது வழக்கம் இல்லை. பெரியார் தொடங்கினார் என்று ஊருக்கே தெரியும், அங்கேதான் மாட்டிக்கொண்டது. வேண்டுமென்றே ஒரு கூட்டம் சேர்ந்து புதிதாக உண்டாக்கும் நடைக்கு நீதிமன்றத்தில் இடமில்லை, அதற்கு சட்டமன்றம் போக வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பு சொல்லாமல் சொன்னது. போனார்கள்.

---

காக்கி_ஓய்வு எழுதியது:

முக்கால், கால் என்று பத்திரத்தில் பங்கு பிரிக்கிற மாதிரியே பிரித்துவிட்டீர்கள் அண்ணே. சரி, லத்திக்கு ஒரு அரைக்கால் பங்காவது எழுதுங்கள்.

---

எல்எல்பி_மூணாவது_செம் எழுதியது:

ஒரு சந்தேகம். 7-ஏ தமிழ்நாட்டுத் திருத்தம்தானே? என் நண்பன் ஓசூர். பெண் வீடு பார்டர் தாண்டி அத்திப்பள்ளியில். மண்டபம் அங்கேதான் சல்லிசாக இருக்கிறதாம். மாலை மாற்றி மட்டும் கல்யாணம் செய்யப் போகிறார்கள். செல்லுமா?

---

கிரயம் எழுதியது:

வக்கீல் அம்மாவுக்கு: ஓட்டை இருக்கிறது, உண்மை. 1961-ல் அவர்களுக்கு 47 மாதிரி எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால்தான் என் அப்பாவை விட அம்மா மேல் எனக்கு மரியாதை கூட. அப்பா கொள்கைக்காக மேடையேறினார், தோற்றால் அவருக்கு நஷ்டம் இல்லை. பங்கை இழக்கப் போனது அம்மா. ஆனாலும் "அன்றைக்கு விடை இருந்தது, இல்லை என்ற விடை" என்பதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். 1968 சட்டம் அம்மாவை அன்றைக்கு மனைவியாக்கவில்லை, 1961-லிருந்தே மனைவி என்று சொல்லிவிட்டது. அதையும் சட்டம் என்று ஏற்றுக்கொண்டு, 1966-ன் "இல்லை"யையும் சட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரே தேதிக்கு இரண்டு கிரயம் போட்ட மாதிரி ஆகிறது. இரண்டில் ஒன்றை நீங்கள் ரத்து செய்தாக வேண்டும்.

காக்கி அண்ணனுக்கு: அரைக்கால் என்ன, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் பங்கிலிருந்து இல்லை, ஆபீஸ் பங்கிலிருந்து.

தம்பிக்கு: அத்திப்பள்ளி மண்டபத்தை விடச் சொல். பார்டர் தாண்டினால் 7-ஏ கூட வராது. ஓசூரிலேயே ஒரு மொட்டை மாடி போதும். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் "இவரை ஏற்கிறேன்" என்று சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். கூட்டம் கூட்டி ஊரறியச் செய்ய வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. முடிந்ததும் 2009 சட்டப்படி தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்யச் சொல். விட்டுவிட்டால் இன்னும் அறுபது நாள் உண்டு, கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். அதே சமயம், சடங்கு எதுவும் செய்யாமல் சர்டிபிகேட் மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிற வேலையும் வேண்டாம். அப்படி வாங்கியவர்களின் கல்யாணம் கல்யாணமே இல்லை என்று 2024-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. போட்டோ எடுங்கள். மாலை மாற்றும்போது பின்னால் நிற்கிற இரண்டு பேர் முகமாவது தெளிவாகத் தெரியட்டும், சாட்சிக்கு அவர்களையே கூட்டி வரலாம். இருவரின் ஆதார், வயதுச் சான்று, அழைப்பிதழ் அடித்திருந்தால் அதில் ஒன்று.